நல்லாங்குளத்து நாக்கு

அந்தப் பையக் கொஞ்சம் திருப்பி வச்சுக்கங்க தம்பி. எடமெல்லாம் பத்துது, எடத்துக்காகச் சொல்லல. அந்தப் படம். மிளகாய்க்கு மூஞ்சி வரஞ்சு, மீசை வச்சு, கும்பிடு போட வச்சிருக்காய்ங்க பாருங்க, 'நல்லாங்குளம் குண்டு மிளகாய் உணவுத் திருவிழா, அனைவரும் வருக'ன்னு. அத மானாமதுரை வரைக்கும் பஸ்சுல பாத்துக்கிட்டே வர முடியாது. ஆங், அப்படி. இப்ப வெறும் மஞ்சப்பை.

திருவிழாவுக்கு வந்தீங்களா? இல்லயா. துக்கத்துக்கா. சரி, சரி. கடையில பழம் வாங்குனதுக்கு இந்தப் பையில போட்டுக் குடுத்தாய்ங்களாக்கும். குடுப்பாய்ங்க. அச்சடிச்சது அம்புட்டும் மிஞ்சிக் கெடக்குல்ல, இனி அடுத்த சித்திரை வரைக்கும் ஊர்ல கருவாடு வாங்குனாலும் இந்த மிளகாதான் கும்பிடும்.

இல்ல தம்பி, கோவமெல்லாம் இல்ல. எனக்குக் கோவம் வராது. எங்க ஊர்ல யார வேணாலும் கேளுங்க, பூவலிங்கம் கோவப்பட்டுப் பாத்திருக்கியான்னு. யாரும் பதில் சொல்ல மாட்டாய்ங்க, இப்ப எங்கூட யாரும் பேசுறதில்ல. ஆனா கேட்டுப் பாருங்க.

மடியில இருக்கிறதா? டிபன் டப்பா. கனமாத்தான் இருக்கும். அதுக்கு வர்றேன். மொதல்ல நான் யாருன்னு சொல்லணும்ல.

எங்க ஊரு வத்தல் மண்டிக்குப் போயிருக்கீங்களா? போக வேணாம், தும்மியே செத்துருவீங்க. மாசி பொறந்தா குண்டு வத்தல் சாக்குச் சாக்கா வந்து எறங்கும். எது மொதத் தரம், எது ரெண்டாந் தரம், எது கழிச்சுப் போடுற சண்டுன்னு சொல்றதுக்கு இன்னைக்கு மெஷின் இருக்குன்றாய்ங்க. எங்க மண்டியில மெஷின் கெடையாது. நாந்தான். கலர எவன் வேணாலும் பாத்துருவான். காரத்த எப்படிப் பாக்குறது? சாக்குக்குள்ள முழங்கை வரைக்கும் கைய விட்டு, அடியில இருந்து ஒரு காய எடுப்பேன். மேல நல்ல காயாத்தான் பரப்பி வச்சிருப்பாய்ங்க, அத எடுக்கிறவன் கண்ணுல வெளய வச்ச சம்சாரி மண்ணத் தூவிட்டான்னு அர்த்தம். காயக் கிள்ளி, உள்ளுக்குள்ள விதை ஒட்டியிருக்கும் பாருங்க ஒரு வெளுத்த நரம்பு, அத நாக்கோட ஓரத்துல வச்சு கண்ண மூடுவேன். நடுநாக்குல வைக்கக் கூடாது. ஓரத்துல. நான் துப்புற வரைக்கும் மண்டியில ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். துப்பிட்டு, 'ஒண்ணு'ம்பேன். இல்ல 'ரெண்டு'ம்பேன். அம்புட்டுதான். அதுக்கு மேல பேச்சு கெடையாது. தூத்துக்குடி யாவாரியா இருந்தாலும் சரி, எங்க ஊரு சம்சாரியா இருந்தாலும் சரி, பூவலிங்கம் நாக்கு சொன்னா சொன்னதுதான்.

பகல்ல மூட்டை தூக்கி, சாயங்காலம் ராப்பள்ளிக்கூடத்துல உக்காந்து எழுதப் படிக்கக் கத்துக்கிட்டவன் நான். ஆனா எனக்குச் சோறு போட்டது படிப்பு இல்ல. இந்தா, இந்த நாக்கு.

அப்படியாப்பட்ட ஊரு தம்பி, போன ஐப்பசியில இருந்து கெட்டுப்போச்சு.

எப்படின்னா, ஐப்பசியில எனக்கு ஒரு காய்ச்சல். பெருசா ஒண்ணுமில்ல, கஞ்சி குடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். எந்திரிச்சு வெளிய வந்து பாக்குறேன், நான் படுத்திருந்த நேரத்துல ஊரே களவாணிப் பயலுகளா மாறிட்டாய்ங்க. டீக்கடைக்காரன் டீத்தூள நிறுத்திட்டான். வெந்நியில கலர் கலந்து தர்றான். கேட்டா, 'அண்ணே, அதே டீதான்ணே'ங்கிறான். கோயிலுக்குப் போனா, கர்ப்பூரம் டூப்ளிகேட். எரியுது, வாசன இல்ல. பூக்காரி மல்லிகைன்னு சொல்லி வெறும் மொட்டக் கட்டிக் குடுக்குறா, மூக்குல வச்சுத் தேச்சாலும் ஒண்ணும் வரல. சாம்பிராணி, ஊதுபத்தி, மண்ணெண்ண... மண்ணெண்ணெயில கூடக் கலப்படம் பண்ணிட்டாய்ங்க தம்பி. ஒருத்தன் விடாம. ஒரே மாசத்துல. சொல்லி வச்ச மாதிரி.

சரி, ஊரு கெடக்குது, வீட்டுல சோறு ஒழுங்கா இருந்தாப் போதும்னு பாத்தா, அங்கதான் பெரிய களவாணித்தனம்.

எம் பொண்டாட்டி குருவம்மா. இப்பவும் சொல்றேன், சமையல்ல அவள அடிச்சுக்க எங்க பக்கத்துல ஆள் கெடையாது. அவ அரைக்கிற மிளகாத் துவையலுக்கு ரெண்டு இட்லி கூடக் கேக்கும். அந்தக் கை, அதே ஐப்பசியில, மிளகாயத் தொடுறத விட்டுருச்சு. கொழம்பா? சுடுதண்ணி. ரசமா? அதே சுடுதண்ணி, கொஞ்சம் தெளிவா. 'என்னாடி, வத்தல் தீந்துபோச்சா? நான் மண்டிக்காரன், ஊருக்கே வத்தல் என் கை வழியாப் போகுது'ன்னேன். மறுநா ரெண்டு காய் கூடப் போட்டாளாம். எங்கிட்டயே சொல்றா. எனக்கு ஒண்ணும் தெரியல. அதுக்கு மறுநா இன்னும் ரெண்டு. அப்புறம் பாத்தா அவளுக்குத் தனிச் சட்டி, எனக்குத் தனிச் சட்டி.

கவனிச்சீங்களா? தனிச் சட்டி. நல்ல கொழம்ப அவ சட்டியில வச்சுக்கிட்டு, எனக்குச் சாயத் தண்ணி. அப்படித்தான இருக்கும்? 'எங்க உன் சட்டியக் காட்டு'ன்னேன். காட்டுனா. அதுலயும் காரமில்ல. வெவரமானவ, நான் கேப்பேன்னு முன்னாடியே அதையும் மாத்தி வச்சுட்டா.

அதுக்கு மேல வயித்து எரிச்சல் வந்துருச்சு எனக்கு. டாக்டரு காரத்தக் கொறைங்கிறாரு. நான் சிரிச்சேன். 'டாக்டர், காரம் நாக்குலயே வரல, வயித்துக்கு மட்டும் எங்க இருந்து வருது? கலர் பொடி, அதான் எரியுது'ன்னேன். அவரு குருவம்மாளப் பாத்தாரு. குருவம்மா தரையப் பாத்தா. எல்லாம் ஒரு கூட்டு.

இந்தக் கூட்டுக்குத் தலைவன் யாருன்னா, அவ தம்பி. தவசிலிங்கம்.

தவசி இப்ப மண்டிக்குச் செயலாளர். திருவிழாக் கமிட்டிக்கும் அவந்தான் எல்லாம். சின்னப் பயலா மண்டிக்குள்ள வந்தவன், காம்பு கிள்ளுறதுல இருந்து எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. இன்னைக்கு வெள்ள வேட்டி, சட்டப் பையில ரெண்டு போனு. ஒரு போனுல பேசும்போது இன்னொரு போனத் தேடுவான். இந்தத் திருவிழா அவன் மண்டையில உதிச்சதுதான். நான் மொதல்லயே சொன்னேன், 'மாப்ள, மிளகாய்க்கு எதுக்குடா திருவிழா? அது சாமியா? தேர் இழுக்கப் போறியா?' 'இல்ல மச்சான், வெளியூரு யாவாரிக வருவாய்ங்க, நம்ம குண்டு வத்தலுக்குப் பேரு கெடைக்கும்'னான். பேரு கெடச்சுச்சு. கூடவே மிளகா அல்வா, மிளகா ஐஸ்கிரீம், மிளகா சர்பத்துன்னு என்னென்னமோ கெடச்சுச்சு. மிளகாயில சர்பத்துப் போட்டவன் கைய எங்க அப்பன் காலமா இருந்தா ஒடிச்சிருப்பாய்ங்க. இப்ப அவனுக்குச் சால்வ போடுறாய்ங்க.

ஆனா ஒண்ணு. அந்தத் திருவிழாவுல ஒரே ஒரு காரியம் உருப்படியானது. துவையல் போட்டி. ஊருப் பொம்பளைக எல்லாம் குண்டு வத்தல்ல துவையல் அரச்சு கிண்ணத்துல கொண்டாந்து வைப்பாங்க. பேரு கெடையாது. எந்தக் கிண்ணம் யாரோடதுன்னு நடுவருக்குத் தெரியாது. நடுவரு மேடையில உக்காந்து ஒவ்வொண்ணா நாக்குல வச்சு, மைக்குல சொல்லணும். அந்த நாற்காலி ஆரம்பத்துல இருந்து எனக்கு. வேற எவனுக்கு?

இந்தச் சித்திரையில, திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கையில, தவசி வீட்டுக்கு வந்தான். வந்தவன் செருப்ப வாசல்ல ஒழுங்கா ஜோடி சேத்து வச்சுட்டு உள்ள வர்றான். அப்பவே தெரியும் எனக்கு, தப்பான காரியத்துக்கு வந்திருக்கான்னு.

'மச்சான், இந்த வருஷம் குத்துவெளக்கு நீங்கதான் ஏத்துறீங்க.'

'ஏத்துறேன். அப்புறம் நாற்காலியில எப்ப உக்காரணும்?'

டீ டம்ளரயே பாத்தான். 'ருசி பாக்க மதுரையில இருந்து ஆளு வருது மச்சான். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?'

'நாக்க நீட்டுறதுல என்னா மாப்ள சிரமம்?'

'வயித்துல புண்ணுன்னு அக்கா சொல்லுச்சு.'

'வயித்த எவன்டா மேடையில காட்டச் சொன்னான்?'

'மச்சான், மேடையில பெரிய பொன்னாட போடுறோம். ஜரிக வச்சது.'

'பொன்னாட எங்க ஊர்ல ரிட்டயர் ஆனவனுக்குப் போடுறது. நான் எப்ப ரிட்டயர் ஆனேன்? எங்கிட்ட யாரும் சொல்லலயே.'

அவன் குருவம்மாளத் திரும்பிப் பாத்தான். அவ சமையக்கட்டு நிலையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. 'சொல்லுக்கா'ங்கிறான். அவ சொல்றா, 'அவரு சும்மா உக்காந்திருக்கட்டும் தம்பி, போட்டி வேணாம்'னு. எம் முன்னாடியே. என் வீட்டுல. என்னையக் காட்டி 'அவரு'ன்னு, எவனோ மாதிரி.

புரிஞ்சுபோச்சு. அக்காளும் தம்பியும் சேந்து என் நாற்காலிய வித்துட்டாய்ங்க. டீய எடுத்துக் குடிச்சேன். வெந்நி.

திருவிழா அன்னைக்கு குத்துவெளக்கு ஏத்தல. முன்வரிசையில உக்காந்தேன். மேடையில, என் நாற்காலியில, அந்த மதுரை ஆளு. ஓட்டல்ல சமையலாம். தொப்பி போட்டிருக்கான், தலைக்கு மேல இன்னொரு தல இருக்கிற மாதிரி. கிண்ணங்கள வரிசையா வச்சாய்ங்க. அவன் ஸ்பூனுல எடுத்து நடுநாக்குல வைக்கிறான் தம்பி! நடுநாக்குல! எனக்கு எப்படி இருக்கும்?

மேடைக்கு ஏறிட்டேன். யாரும் தடுக்கல. ஜனங்க கை தட்டுனாங்க, 'பூவலிங்கம் அண்ணன் வந்துட்டாரு'ன்னு. அந்தத் தொப்பிக்காரன் நல்லவன், எந்திரிச்சு எடம் விட்டான். தவசி மட்டும் ஓடி வந்து காதுல, 'மச்சான், வேணாம் மச்சான், உங்க கால்ல வேணாலும் விழுறேன்'னான். 'விழு'ன்னுட்டு உக்காந்தேன்.

மொதக் கிண்ணம். நாக்கு ஓரத்துல வச்சுக் கண்ண மூடுனேன். ஒண்ணுமில்ல. ரெண்டாவது கிண்ணம். ஒண்ணுமில்ல. மைக்கப் பிடிச்சு, 'இது துவையலா, சந்தனமா? நெத்தியில பூசுறதா, நாக்குல வைக்கிறதா?'ன்னேன். சிரிச்சாங்க. நல்லாவே சிரிச்சாங்க. அடுத்தது. அடுத்தது. எல்லாம் மண்ணு. ஊருல ஒரு பொம்பளைக்கும் கை இல்ல. எனக்கு விக்கல் வந்துருச்சு. வேர்த்துக் கொட்டுது. சித்திர வெயில்ல வேர்க்காதா? முன்னாடி ஒரு பொம்பள எந்திரிச்சு, 'அண்ணே, போதும்ணே, மூஞ்சியெல்லாம் செவந்துபோச்சு, தண்ணியக் குடிங்கண்ணே'ங்குது. 'இந்தத் துவையலத்தான் தண்ணி மாதிரி குடிச்சுக்கிட்டு இருக்கேன் தாயி'ன்னேன். விக்கலோட. அதுக்கு யாரும் சிரிக்கல. நல்ல பேச்சு அது, ஆனா சிரிக்கல.

கடைசிக் கிண்ணம். நாக்குல வச்சேன். அதுவும் மண்ணு. எனக்குத் தாங்கல தம்பி. ஒரு ஊரே சேந்து ஒருத்தன ஏமாத்துனா எம்புட்டுதான் தாங்குவான்? மைக்குல சொன்னேன்: 'இத அரச்ச பொம்பளையோட புருஷனுக்கு என்னோட ஆழ்ந்த அனுதாபங்கள்.'



பொம்பளைக கூட்டத்துல இருந்து குருவம்மா எந்திரிச்சு வர்றா. மெதுவா வந்தா. மேடப் படியில சேலையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஏறுனா. அவ போட்டியில இருக்கான்னு எனக்கு யாரு சொன்னா? எனக்குச் சொல்லவே இல்லயே. என் கையில இருந்த கிண்ணத்த வாங்குனா. ஒரு விரலால வழிச்சா. அவ நாக்குல வச்சா. அப்படியே நின்னா. கண்ணுல இருந்து தண்ணி கொட்டுது. தொடைக்கவே இல்ல.

நடிப்பு. அப்படித்தான் நெனச்சேன். இப்ப வரைக்கும் அப்படித்தான். மிளகாய்க்கு அழுதாளா, வேற எதுக்கும் அழுதாளா, அது அவளுக்குத்தான் வெளிச்சம். மைக்கக் கீழ வச்சிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். ஆனா உள்ளதச் சொல்லணும்ல? 'ஊரு ஜனங்களே, என் வீட்டுச் சோத்துல ஐப்பசியில இருந்து காரம் கெடையாது. தனிச் சட்டி வச்சு என்னைய ஏமாத்துறா. தம்பியோட சேந்து என் நாற்காலியப் பிடுங்குனா. இந்த வருஷம் நல்லாங்குளத்து வத்தல்ல காரமில்ல, யாவாரிகளே, ஏமாந்துராதீங்க'ன்னேன். நல்ல மைக்கு. அடுத்த தெரு வரைக்கும் கேட்டுச்சாம்.

குருவம்மா ஒரே ஒரு வார்த்ததான். 'மைக்க வச்சுருங்க. வீட்டுக்குப் போவோம்.'

போனோம். அவ துணிமணிய எடுத்து வச்சா. எடுத்து வச்சுக்கிட்டே பேசுறா, என்னையப் பாக்கவே இல்ல. 'உங்களுக்கு ருசி தெரியணும்னு காரத்தப் போட்டுப் போட்டு, உங்க வயித்த நானே புண்ணாக்கிட்டேன். ஊரு முன்னாடி நீங்க அசிங்கப்படக் கூடாதுன்னுதான் தம்பிகிட்டச் சொன்னேன். மண்டியில நீங்க பாத்த சாக்கையெல்லாம் நீங்க வீட்டுக்கு வந்த பெறகு அவன் மறுக்காப் பாக்குறான், தெரியுமா? ஐப்பசியில இருந்து. ஒருத்தருகிட்டயும் சொல்லாம.' அப்படின்னா.

கேட்டீங்களா? எனக்குப் பின்னாடி மறுக்காப் பாக்குறானாம். நான் 'ஒண்ணு'ன்னு சொன்ன சாக்க. நான் 'ரெண்டு'ன்னு சொன்ன சாக்க. கொலை பண்ணியிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன் தம்பி.

மானாமதுரையில அவ அக்கா வீடு. அங்க போயிட்டா. போகும்போது சொல்லிட்டுப் போனா, 'காது மூக்கு தொண்ட டாக்டருகிட்டப் போய்க் காட்டுங்க. காட்டிட்டு வந்து கூப்பிடுங்க, அன்னைக்கே வர்றேன். காட்டாம வராதீங்க'ன்னு. நான் கேக்குறேன், காது எனக்கு நல்லாக் கேக்குது. மூக்கு இந்தா இருக்கு. தொண்ட பேசிக்கிட்டு இருக்கு. எதக் கொண்டுபோய்க் காட்டச் சொல்றா? இவளுக்குக் கொழம்பு வைக்கத் தெரியலன்னா டாக்டரு எனக்கு மருந்து குடுப்பாரா?

அத விடுங்க. நான் மைக்குல சொன்னேனே, வத்தல்ல காரமில்லன்னு. யாவாரிக என்ன பண்ணியிருக்கணும்? வண்டியத் திருப்பியிருக்கணும். திருப்பல. எம் பேச்சக் கேட்டு ஒரு சாக்கு நிக்கல தம்பி. அந்த வாரம் மாதிரி சரக்கு போனதே இல்லன்னு தவசி சொல்லிக்கிட்டுத் திரியிறான். பூவலிங்கம் நாக்கு சொல்லிருச்சுன்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன், கையப் பின்னால இழுத்திருந்தாக்கூட... சரி. முட்டாப் பயலுக. அவிஞ்ச வத்தல வாங்கிட்டுப் போறாய்ங்க, போகட்டும்.

இப்ப வீட்டுல நான் மட்டும். எதுக்கால வர்றவன் சைக்கிள ஓரங்கட்டிட்டு நிக்கிறான், நான் போகட்டும்னு. சமையல் நானே. ஒண்ணும் கொறையில்ல. சாயங்காலம் ஆனா மட்டும் அந்தச் சமையக்கட்டுல வெளக்கப் போடுறதுக்கு ஒரு மாதிரியா இருக்கும். அது கரண்ட்டு பில்லு பத்துன கவல.

இப்ப டப்பாவுக்கு வர்றேன். இன்னைக்கு விடியக்காலம் எந்திரிச்சு, நானே துவையல் அரச்சேன். அவ அம்மியில. மண்டியில நானே பொறுக்குன காயி. ஒரு கை போட்டேன். ஒண்ணுமில்ல. இன்னொரு கை. இன்னும் ஒரு கை. வத்தலே சரியில்லன்னா அளவுலதான ஈடு கட்டணும்? போட்டுக்கிட்டே இருந்தேன். கடைசியில நாக்கு ஓரத்துல லேசா, ஒரு எறும்பு நடந்த மாதிரி. வந்துருச்சு! ஐப்பசிக்கு அப்புறம் மொத தடவ. தம்பி, நான் அந்த அம்மி முன்னாடியே உக்காந்துட்டேன் கொஞ்ச நேரம்.

இத அப்படியே கொண்டுபோயி, அவ அக்கா வீட்டுல எல்லாரும் இருக்கையில நடுவுல தொறந்து வைப்பேன். 'இதான்டி துவையல். இந்தக் காரத்தத்தான் நான் கேட்டேன். எல்லாரும் ஒரு வாய் வச்சுப் பாருங்க, எனக்கு நாக்கு இருக்கா இல்லயா, நீங்களே சொல்லுங்க'ன்னு. அதோட அவ வாயடச்சுப் போவா. பெட்டியத் தூக்கிக்கிட்டு எங்கூட வர வேண்டியதுதான். தனிச் சட்டியெல்லாம் ஒடச்சு வெளிய போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.

உங்களுக்குப் பசிக்கும்ல? துக்க வீட்டுல என்னத்தச் சாப்பிட்டிருப்பீங்க. இருங்க, ஒரு இட்லி. அட, சும்மா வாங்கிக்கங்க. நீங்க நடுவருன்னு வச்சுக்கங்க. உங்களுக்கு எங்க ஊரு கெடையாது, எங்க ஒறவு கெடையாது, தவசியத் தெரியாது. உங்களுக்குத்தான் ஞாயமாச் சொல்ல முடியும். இந்த மூடி இறுக்கமா இருக்கு... ஆங். வந்துருச்சு.

துவையல நல்லாத் தொட்டுக்கங்க. கூச்சப்படாம. ம்.

என்ன தம்பி?

தம்பி? தம்பி, என்ன... இருங்க, தண்ணி, தண்ணி இந்தா. முழுங்கிட்டீங்களா? துப்புங்க, சன்னல்ல துப்புங்க. அட, இவ்வளவு... மூச்ச விடுங்க. குடிங்க, இன்னும் குடிங்க.

என்னம்மா, முன்சீட்டுல ஏன் தும்முறீங்க? பிள்ள மூஞ்சிய ஏம்மா முந்தானையில மூடுறீங்க? இட்லிதாம்மா இது. கண்டக்டர் சார், எதுக்குக் கத்துறீங்க, யாரும் வத்தல் மூட்டைய அவுக்கல. இட்லிக்குத் துவையல். அதுக்கும் டிக்கெட்டுப் போடணுமா? கண்ணு எரியுதா? பின்சீட்டு வரைக்குமா? மூடுறேன்யா. மூடிட்டேன்.

கண்டக்டர் சார், ஒண்ணு கேக்கணும். நல்லாங்குளம் தவசிலிங்கத்தத் தெரியுமா உங்களுக்கு? வத்தல் மண்டிச் செயலாளர். வெள்ள வேட்டி, ரெண்டு போனு... தெரியாதா. சும்மாத்தான் கேட்டேன்.

அந்தம்மாவுக்கும் தெரியாது போலருக்கு.

உங்களுக்கும் தெரியாதுல்ல தம்பி? சத்தியமா?

...

கண்ணத் தொடச்சுக்காதீங்க, கையில துவையல் இருக்கு. இந்தத் துண்ட வச்சுக்கங்க. நானும் ஒரு விரல் வச்சுப் பாக்குறேன், இருங்க. லேசாத் தொறந்து. ஓரத்துல.

ம்.

எறும்பு கூட இல்ல. காலையில இருந்துச்சு. இருந்துச்சுன்னுதான் நெனச்சேன்.

எப்படி இருந்துச்சு தம்பி? காரத்த விடுங்க, அது தெரியுது, உங்க மூஞ்சியிலயே இருக்கு. உப்பு? உப்பு எப்படி? கூடவா. ரொம்பக் கூடவா. புளி? புளி போட்ட மாதிரியே தெரியலயா... போட்டேனே. பூண்டு வாசன வந்துச்சா, வரலயா? சும்மா சொல்லுங்க, கோவப்பட மாட்டேன். எனக்குக் கோவம் வராதுன்னு சொன்னேன்ல.

சரி.

பாலம் தெரியுது பாருங்க, அதான் மானாமதுரை. பாலம் தாண்டுன ஒடனே எறங்கிருவேன். அவகிட்டயா? என்ன சொல்லப் போறேன், ஒண்ணும் சொல்லப் போறதில்ல. பசிக்குதும்பேன். அது பொய்யில்லயே. எதப் போடுறாளோ போடட்டும். எந்தச் சட்டியில இருந்து வேணாலும் போடட்டும். அந்தத் தெருவுலயே ஒரு காது மூக்கு ஆஸ்பத்திரி இருக்குன்னு அவ அக்கா மகன் போனுல சொன்னான், நான் கேக்கவே இல்ல, அவனாச் சொன்னான். பாப்போம். அதுக்காகத் தவசி செஞ்சது சரின்னு ஆயிராது, அதச் சொல்லிட்டேன். எனக்குப் பின்னாடி சாக்கத் தொறந்தவன் அவன். கடைசி வரைக்கும் அவனுக்கு நான் மொதத் தரம் போட மாட்டேன்.

வர்றேன் தம்பி. எந்திரிக்காதீங்க, அந்தப் பக்கமா நானே போயிக்கிறேன்.

டப்பாவா? இல்ல, மறக்கல. இருக்கட்டும். அந்தப் பையில போட்டுக்கங்க, அந்தக் கும்பிடுற மிளகாய்க்குப் பொருத்தமாத்தான் இருக்கும். டப்பா புதுசு, கழுவிட்டு வச்சுக்கங்க.

தம்பி, வீட்டுல சின்னப்பிள்ளைக இருக்கா? இருந்தா, எட்டாத எடத்துல வைங்க.